லிம்ப் நோடு வேறு, லிம்போசைட் வேறு

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. சென்ற மாதம் கோவையில் பெருங்குடல் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில், ‘கட்டியின் ஓரத்திலும் உள்ளேயும் லிம்போசைட்டுகள் அடர்த்தியாக ஊடுருவியுள்ளன’ என்று ஒரு வரி இருக்கிறது. நெறிக்குப் பரவிவிட்டது என்கிறார் அண்ணன். அன்றிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மருத்துவரோ, இன்னொரு பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் கீமோ பற்றிச் சொல்ல முடியும் என்கிறார். எதையாவது மறைக்கிறாரா? ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணனை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் பயந்துபோன அந்த வரிதான் ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி.

இரண்டு சொற்களும் ‘லிம்ப்’ என்று தொடங்குவதால் வந்த குழப்பம் இது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அதுதான் லிம்ப் நோடு. புற்றுநோய் அங்கே போயிருந்தால் கவலைப்பட வேண்டும். ரிப்போர்ட்டில் 0/16 என்று இருக்கிறது, பாருங்கள். 16 நெறிகளைச் சோதித்து, ஒன்றில்கூட நோய் இல்லை என்று பொருள். குறைந்தது 12 பார்க்க வேண்டும் என்பது விதி. குடலை ஒட்டிய கொழுப்புக்குள் பயறளவுகூட இல்லாமல் ஒளிந்திருக்கும் நெறிகளை விரல் நுனியால் தடவித் தடவித்தான் எடுக்க வேண்டும். யாரோ ஒருவர் உங்கள் அப்பாவுக்காகப் பொறுமையாக உட்கார்ந்து தேடியிருக்கிறார்.

லிம்போசைட் என்பது நம் உடலின் காவல் உயிரணு. நோய் நெறிக்குள் போகவில்லை. காவல்தான் நோய்க்குள் வந்திருக்கிறது. நுண்ணோக்கியில் புற்றணுக்கள் பெரிதாக, கோணல்மாணலாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே கேழ்வரகு சிந்தியதுபோல் கருநீல உருண்டைகள் கிடந்தால் அவை லிம்போசைட்டுகள். உங்கள் மேட்டில் சீகை மரங்கள் புல்வெளியைத் தின்றுகொண்டே முன்னேறும் ஓரம் இருக்கிறதல்லவா? கட்டிக்கும் அப்படி ஓர் ஓரம் உண்டு. கண்ணாடித் தகட்டை வைத்ததும் நான் முதலில் பார்த்தது எப்போதும் அந்த ஓரத்தைத்தான்.

பாரிஸில் ழெரோம் கலோன் குழுவினர் 2006இல் இதை எண்ணிப் பார்த்தே காட்டினார்கள். கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் எத்தனை லிம்போசைட்டுகள், எந்த வகை என்பதைக் கொண்டு நோயின் போக்கைக் கணிக்க முடிந்தது. 2018இல் 13 நாடுகளின் 2,681 நோயாளிகளிடம் இது மறுபடி சோதிக்கப்பட்டது. அதில் ஒரு பிரிவினரில், இந்த அணுக்கள் நிறைந்திருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கே ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. குறைவாக இருந்தவர்களில் அது 32 சதவீதம். இவை கூட்டத்தின் கணக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் அப்பா அந்த எட்டில் ஒருவரா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. அதனால் மறுபரிசோதனைக்கு மலையிறங்கும் ஒரு தேதியைக்கூடத் தவறவிடாதீர்கள்.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. உயிரணு பிரியும்போது டிஎன்ஏ நகலில் விழும் பிழைகளைத் திருத்த நான்கு முக்கியப் புரதங்கள் உண்டு. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தில் இந்தத் திருத்தம் பழுதாகியிருக்கும். அப்படிப் பழுதாகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் சொன்ன இன்னொரு பரிசோதனை. பிழைகள் குவியக் குவியக் கட்டி அந்நியமாகத் தெரியும், லிம்போசைட்டுகள் திரண்டு வரும். இந்த வகையாக இருந்து, நெறிக்கும் போகாமல் இருந்தால் நோயின் போக்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வழக்கமான 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதால் பயனும் இருக்காது. தேவையில்லாத கீமோவை உங்கள் அப்பாவின் உடம்பில் ஏற்றிவிடக் கூடாது என்றுதான் அவர் காத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

அந்தப் பரிசோதனையில் பழுது தெரிந்தால், அது பரம்பரையாக வந்ததா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பரம்பரை என்றால் அப்பாவின் உடன்பிறந்தவர்கள், நீங்கள், அண்ணன் எல்லோரும் மரபணுப் பரிசோதனையும் அதன்படி குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் செய்துகொள்ள வேண்டியிருக்கும். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

முடிவு வந்ததும் எழுதுங்கள். இன்று இரவு அப்பாவுக்குச் சாப்பாடு போடும்போது நீங்களும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.