காசி வீட்டு முற்றத்தின் வெளிச்சம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ மூன்றையும் புதுப்பித்த பிரதியில் பார்த்தேன். சில கேள்விகள். ‘அபராஜிதோ’வில் ஹரிஹர் குடும்பம் தங்கும் காசி வீடு ஸ்டூடியோவில் போட்ட செட் என்று நண்பர் சொல்கிறார். என்னால் நம்ப முடியவில்லை. அந்த வெளிச்சம் உண்மையான வீட்டு முற்றத்து வெளிச்சமாகத்தானே இருக்கிறது? இரண்டாவது, ரே வரும்வரை வங்காளத்தில் சொல்லும்படியான சினிமா இல்லை என்று எங்கும் எழுதுகிறார்கள். அது சரியா? மூன்றாவது, நம் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கிய நிமாய் கோஷ்தான் ரேயைக் காலமெல்லாம் புகைப்படம் எடுத்தவரா? கடைசியாக, வங்கப் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

உங்கள் நண்பர் சொன்னது சரி. படித்துறைகள், சந்துகள், ஹரிஹர் மூச்சு வாங்கி உட்காரும் படிக்கட்டு எல்லாம் காசியிலேயே எடுத்தவை. வீட்டு முற்றம் மட்டும் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கட்டிய செட். மழைக்காலம் படப்பிடிப்பைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில்தான் அதை உள்ளே கட்ட முடிவு செய்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு ஒப்பவே இல்லை. செட்டுக்குள் அந்த வெளிச்சம் வராது என்று ரேயிடமும் சந்திரகுப்தாவிடமும் வாதாடினார். 1956இல் அவருக்கு வயது இருபத்தைந்து.

அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்பதைச் சொல்ல வேண்டும். காசியின் பழைய வீடுகளில் நான்கு பக்கமும் மாடி எழும்பியிருக்கும், நடுவில் முற்றம் கிணறு மாதிரி கிடக்கும். நேர்வெயில் அதன் தரைக்கு வருவது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் மேலே தெரிகிற ஒரு துண்டு வானத்திலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. அந்த வெளிச்சத்துக்குத் திசை மேலிருந்து கீழே. ஆனால் கூர்மையான நிழல் கிடையாது. முற்றத்தின் நடுவில் நிற்பவள் வெளிச்சமாக இருப்பாள், இரண்டடி தள்ளித் தாழ்வாரத்துக்குள் போனால் முகம் மெல்ல மங்கும். அன்றைய ஸ்டூடியோ வழக்கமோ வேறு. செட்டைச் சுற்றி மேலே பலகைப் பாதை போட்டு அதில் வரிசையாக விளக்குகளை நிறுத்தி நேராக நடிகர் மேல் அடிப்பார்கள். விளக்குக்கு ஒரு நிழல் விழும். நான்கு விளக்கு என்றால் பின்சுவரில் நான்கு நிழல். வானம் என்ற ஒரே ஒரு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு நிழல் விழுந்தால், ஏன் என்று தெரியாமலே கண் அதைப் பொய் என்று கண்டுகொள்ளும்.

வாதத்தில் மித்ரா தோற்றார், செட் எழுந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். முற்றத்துக்கு மேலே, வானம் தெரிய வேண்டிய இடத்தில், சட்டத்தில் கட்டிய வெள்ளைத் துணியைக் கூரைபோல இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து அந்தத் துணியைப் பார்த்து மேல்நோக்கித் திருப்பினார். விளக்கின் வெளிச்சம் நடிகர் மேல் நேராக விழவில்லை. துணியில் பட்டுச் சிதறித் துணி முழுவதும் ஒரே விளக்காகித் திரும்பி இறங்கியது. செட்டுக்கு ஒரு வானம் கிடைத்துவிட்டது. பவுன்ஸ் லைட்டிங் என்று இன்று கல்யாண வீடியோ எடுப்பவர்கூடச் சாதாரணமாகச் செய்கிற காரியம் இது. 1956இல் கல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதி ஸ்டூடியோவில் ஒருவர் துணியைக் கட்டி இதைச் செய்தபோது கையில் பிடித்துக்கொள்ள எந்தப் பாடப்புத்தகமும் இல்லை.

இதில் இழப்பும் உண்டு. துணியில் பட்டுத் திரும்பும்போது வெளிச்சத்தில் பெரும்பகுதி வீணாகும். அன்றைய ஃபிலிமுக்கு இன்றைய கேமராக்கள் அளவு ஒளியுணர்வு கிடையாது. ஆகவே லென்ஸின் துளையை அகலத் திறக்க வேண்டும். அகலத் திறந்தால் ஃபோகஸ் நிற்கும் ஆழம் சுருங்கிவிடும், நடிகர் ஓரடி முன்னே வந்தாலே முகம் கலங்கும். நடிகர் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் குறித்து, நாடாவால் அளந்து, ஃபோகஸ் திருப்புகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தால்தான் சரிவரும். படத்தை மறுபடி பார்க்கும்போது ஹரிஹரின் மனைவி சர்வஜயா முற்றத்தில் இருக்கிற காட்சியில் அவள் முகத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். காலடியில் நிழல் ஒரு கறைபோல இருக்கும், அதற்கு ஓரம் இருக்காது.

இந்த மித்ரா ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன்னால் ஒரு சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை வங்காளத்தில் எடுத்தபோது ஓரமாக நின்று பார்த்தார். ஒவ்வொரு ஷாட்டிலும் விளக்கு எங்கே, கேமரா எங்கே, நடிகர் எங்கே என்று நோட்டில் வரைந்துகொண்டே இருந்தார். அவர் படித்த பள்ளிக்கூடம் அவ்வளவுதான். இன்னொன்றும் செய்திருக்கிறார். ‘பதேர் பாஞ்சாலி’க்கு ரவிசங்கர் ஒரே இரவில், சுமார் பதினோரு மணிநேரத்தில், இசையைப் பதிவு செய்துகொடுத்துவிட்டுப் போய்விட்டார். சில இடங்களுக்கு இசை போதவில்லை. மிட்டாய்க்காரர் பின்னால் குழந்தைகளும் நாயும் வரிசையாகப் போகும் காட்சிக்குச் சிதார் வாசித்தவர் சுப்ரதா மித்ராதான்.

நீங்கள் பார்த்த புதுப்பித்த பிரதி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் லண்டனில் ஹெண்டர்சன் ஃபிலிம் லேபில் தீப்பிடித்தது. ஹரிஹரின் மகன் அபுவின் கதையான இந்தப் படங்களின் மூல நெகட்டிவ்களும் அதில் சிக்கின. கருகி, ஒட்டி, உருகி மிஞ்சியதைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமி காப்பகம் வாங்கி வைத்தது. 2013இல் கிரைட்டீரியன் நிறுவனம் அவற்றை இத்தாலியின் போலோஞா நகரத்து லேபுக்கு அனுப்பியது. காய்ந்து மொடமொடவென்று உடைகிற ஃபிலிமை ரசாயனக் கரைசலில் ஊறவைத்து ஈரம் ஏற்றி, பசையையும் மெழுகையும் சுரண்டி, கிழிந்த ஓரத்துத் துளைகளைக் கையால் ஒட்டி, சுமார் ஆயிரம் மணிநேரம் உழைத்தார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறக்குறைய 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மீதிக்கு வேறு இடங்களில் இருந்த நகல் நெகட்டிவ்களைத் தேடினார்கள். முற்றத்துத் துணி வானத்தின் வெளிச்சம் உங்கள் வீட்டுத் திரைக்கு வந்த வழி இது.

தீ என்று சொன்னதும் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டேன். ரேவுக்கு முன் சினிமா இல்லை என்ற எண்ணம் எப்படி வந்தது? ஒரு காரணம், முன்னால் இருந்ததில் நிறைய எரிந்துபோயிற்று. ஹிராலால் சென் 1898லேயே ராயல் பயாஸ்கோப் கம்பெனி தொடங்கியவர். கல்கத்தா கிளாசிக் தியேட்டரின் நாடகங்களைப் படமாக எடுத்தார். ஜபாகுசும் கூந்தல் தைலத்துக்கு விளம்பரப் படம் எடுத்தார். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கூடிய கூட்டத்தைப் பதிவு செய்தார். 1917இல் பட்ட தீயில் அவர் எடுத்த எல்லாம் போயிற்று, அதே ஆண்டு அவரும் இறந்தார். தாகூரின் ‘நடீர் பூஜா’வை 1932இல் அவர் பொறுப்பிலேயே நியூ தியேட்டர்ஸ் எடுத்தது. அதன் நெகட்டிவ் 1940இல் அந்த ஸ்டூடியோவில் பட்ட தீயில் அழிந்தது. அக்காலத்து நைட்ரேட் ஃபிலிம் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடும். தண்ணீரில் முக்கினாலும் அணையாது. தீப்படாமல் தப்பியதைக் கல்கத்தாவின் புழுக்கம் பிசுபிசுப்பாக்கிப் பொடியாக்கிவிடும். கண்ணால் பார்க்க முடியாததை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயம் இல்லை.

1919இல் மதன் தியேட்டர்ஸின் ‘பில்வமங்கள்’, 1931இல் முதல் வங்கப் பேசும்படம் ‘ஜமாய் ஷஷ்டி’, அதே ஆண்டு பி.என்.சர்க்கார் டாலிகஞ்சில் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். டாலிகஞ்ச் என்ற பெயரிலிருந்துதான் 1932இல் அமெரிக்க ஒலிப்பொறியாளர் வில்ஃபர்ட் டெமிங் ‘டாலிவுட்’ என்ற சொல்லை உருவாக்கினார். இன்று நாம் தெலுங்குப் படவுலகைக் குறிக்கச் சொல்லும் சொல் முதலில் வங்காளத்துக்கு வைத்தது. ஆனால் நியூ தியேட்டர்ஸ் செய்த ஒரு காரியத்தில் சற்று நின்றே ஆக வேண்டும். நீங்களும் நானும் பார்த்து வளர்ந்த பாட்டுக் காட்சி அங்கிருந்து வந்தது.

பேசும்படம் வந்த புதிதில் நடிகர் கேமரா முன்னால் நின்று நிஜமாகவே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே, மரத்துக்கோ திரைச்சீலைக்கோ பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே மைக் இருந்தால் நடிகர் அதைவிட்டு நகர முடியாது. நடுவில் ஷாட்டை வெட்டினால் பாட்டும் வெட்டுப்படும். ஒரு தபலா தப்பினால் முழுப் பாட்டையும் மறுபடி எடுக்க வேண்டும். 1935இல் நிதின் போஸ் இயக்கிய ‘பாக்ய சக்ர’ படத்தில் இதைத் திருப்பிப் போட்டார்கள். இசை ராய்சந்த் போரால், ஒலிப்பதிவு நிதின் போஸின் தம்பி முகுல் போஸ். பாட்டை முதலில் தனியாகப் பதிவு செய்தார்கள், பிறகு படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை வாயசைக்க வைத்தார்கள். கேமராவும் ஒலிக்கருவியும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், துளி பிசகினாலும் இரண்டாவது சரணத்தில் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போகும். அது சரியாக வந்ததும் எல்லாம் மாறியது. பாட்டுக்குள் எத்தனை ஷாட் வேண்டுமானாலும் வெட்டலாம், நடிகர் ஓடலாம், குரல் வேறொருவருடையதாக இருக்கலாம். அதே கதையை ‘தூப் சாவோன்’ என்று இந்தியிலும் எடுத்தார்கள். இந்தியத் திரையின் பின்னணிப் பாடல் முறை இங்கிருந்தே பரவியது. சினிமா இல்லாத இடத்தில் இப்படி ஒன்று முளைக்குமா?

இந்தக் கட்டிடம் சரிந்ததற்குக் கலை காரணம் இல்லை. 1947இல் வங்காளம் இரண்டானது. கல்கத்தாப் படங்கள் ஓடிய கிழக்கு வங்கத் தியேட்டர்கள் எல்லைக்கு அப்பால் போயின. 1965 போருக்குப் பிறகு இந்தியப் படங்களே அங்கே திரையிடக் கூடாது என்றாயிற்று. பாதிச் சந்தை போனால் ஸ்டூடியோ எப்படிச் சம்பளம் கொடுக்கும்? நியூ தியேட்டர்ஸில் ‘உதயேர் பதே’ எடுத்த பிமல் ராய் தன் குழுவோடு பம்பாய்க்குக் கிளம்பினார். எல்லைக்கு அப்பால் 1956இல் ‘முக் ஓ முகோஷ்’ என்ற முதல் முழுநீளப் படம் வந்து டாக்காவில் தனியாக ஒரு வங்க சினிமா வளர்ந்தது. வங்க சினிமா என்றால் கல்கத்தா மட்டும் என்று எழுதுபவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இயக்குநர் ரித்விக் கட்டக் டாக்காவில் பிறந்தவர். அவர் ‘திதாஷ் ஏக்டி நதீர் நாம்’ எடுக்க 1970களில் வங்கதேசத்துக்கே திரும்பிப் போனார்.

கட்டக்கின் ‘நாகரிக்’ 1952லேயே எடுத்து முடித்த படம். ‘பதேர் பாஞ்சாலி’க்கு மூன்று ஆண்டு முந்தியது. வெளிவந்ததோ 1977இல், அவர் இறந்த மறு ஆண்டு. அது நேரத்தில் வெளிவந்திருந்தால் இந்த வரலாற்றை எழுதுபவர்கள் வேறு ஆண்டிலிருந்து தொடங்கியிருப்பார்கள்.

நிமாய் கோஷ் பற்றி. அந்தப் பெயரில் இருவர், வேறு வேறு ஆட்கள். இந்தக் குழப்பம் இணையத்தில் நிறைய இருக்கிறது. ரேயைப் புகைப்படம் எடுத்தவர் 1934இல் பிறந்து 2020இல் மறைந்தவர். நம்முடையவர் அவரைவிட இருபது வயது மூத்தவர், சினிமா ஒளிப்பதிவாளர். பிரிவினையில் வேரோடு பெயர்ந்து வந்த மக்களைப் பற்றி ‘சின்னமூல்’ இயக்கினார், 1950இல் வந்தது. அகதிகளையே நடிக்க வைத்தார், சியால்தா ரயில் நிலையத்தில் அவர்கள் கிடந்த இடத்திலேயே எடுத்தார். கட்டக் அதில் நடித்திருக்கிறார். பிறகு சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். எம்.பி.சீனிவாசனோடு சேர்ந்து திரைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கப் பாடுபட்டார். 1960இல் ‘பாதை தெரியுது பார்’ இயக்கினார், சீனிவாசன் இசை, ஜெயகாந்தன் ஒரு பாட்டு எழுதினார். தமிழில் அவருக்கு இன்னும் உரிய மரியாதையைச் செய்யவில்லை என்பது என் வருத்தம்.

வரிசை கேட்டீர்கள். ஆண்டுக்கணக்கில் போக வேண்டாம். ‘சின்னமூல்’ பாருங்கள், பிரதி தேய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே வலியைக் கட்டக் எப்படிக் கையாண்டார் என்று ‘மேகே டாக்கா தாரா’, ‘கோமல் காந்தார்’, ‘சுவர்ணரேகா’. அதன்பின் உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் நடித்த ‘ஹாரானோ சுர்’, ‘சப்தபதி’ இரண்டையும் கட்டாயம் பாருங்கள். வங்காளிகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது இவற்றைத்தான். பிறகு மிருணாள் சென்னின் ‘இன்டர்வியூ’. ஜஹீர் ரைஹானின் ‘ஜீபன் தேகே நேயா’ கிடைத்தால் விடாதீர்கள், 1970இல் டாக்காவில் வந்தது.

கட்டக் படங்களைச் செல்பேசி ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். ஹெட்ஃபோன் வேண்டும். ‘மேகே டாக்கா தாரா’வில் கதாநாயகி நீதா மாடிப்படி இறங்கும்போது சாட்டை விளாசும் சத்தம் வரும். அங்கே சாட்டையும் இல்லை, அடிப்பவனும் இல்லை. அடி அவளுக்குள் விழுகிறது. ‘கோமல் காந்தார்’ படத்தில் பத்மா நதிக்கரையில், முன்பு கிழக்கு வங்கத்துக்குப் போன ரயில் பாதை முட்டுக்கட்டையில் முடிகிற இடம் ஒன்று வரும். கேமரா தண்டவாளத்தின்மேல் ஓட ஆரம்பிக்கும், படகோட்டிகளின் அலறல்போல் ஒரு கூட்டுக்குரல் ஏறிக்கொண்டே போகும், கட்டை நெருங்கியதும் திரை கறுத்துவிடும். சிறிய ஸ்பீக்கரில் அந்தக் குரல் ஏறுவது தெரியாது. படம் நின்றுபோனதோ என்று நினைத்து நீங்கள் வைஃபையைச் சோதிக்கப் போய்விடக் கூடாது.

அன்புடன்.