பன்னிரண்டு பிரின்ட், பன்னிரண்டு தபால்தலை: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், பிலிம் கேமரா வைத்திருக்கும் நாங்கள் சிலர் எங்கள் கையாலேயே பிரின்ட் போட்ட படங்களை அஞ்சலட்டையாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை கொள்ளவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அந்த ஒரே விஷயம்தான்.

"ஏனுங்க, போன்ல அனுப்புனா ஒரு நொடியில போயிருமே. இத்தனை பாடுபட்டு எதுக்குங்க தபால்ல அனுப்போணும்?" – பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சுற்றில் பதிமூன்று பேர். ஆளுக்கு ஒரு நெகட்டிவைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து மற்ற பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு பிரின்ட் போட்டு, பின்னால் முகவரியும் இரண்டு வரி சேதியும் எழுதி, குறித்த தேதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். பதிலுக்குப் பன்னிரண்டு அட்டைகள் வீட்டுக்கு வரும். கடையில் பிரின்ட் போட்டுத் தருவதோ பிரின்டரில் எடுப்பதோ கிடையாது, ஒளிபட்டு உருவாகிற தாளில் நீங்களே செய்தது மட்டும்தான் செல்லும்.

எதற்கு என்று கேட்டீர்கள். நான் பிலிமில் படம் எடுக்க ஆரம்பித்துப் பல வருஷம் வரைக்கும் சுருளைக் கழுவுவேன், ஸ்கேன் செய்வேன், போனில் நாலு பேருக்கு அனுப்புவேன், நெகட்டிவை உறையில் போட்டு பீரோவில் வைத்துவிடுவேன். அதோடு சரி. பிரின்ட் என்று ஒன்று கையில் இருக்காது. பன்னிரண்டு பேர் என் அட்டைக்குக் காத்திருக்கிறார்கள் என்ற நிலை வந்த பிறகுதான் நான் உட்கார்ந்து பிரின்ட் போட்டேன். படம் எடுப்பதில் பாதி வேலைதான் அதுவரை செய்திருந்தேன் என்பது அப்போது புரிந்தது.

இது புதுசும் இல்லை. நம் நாட்டில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1ல் வந்தது, விலை காலணா. அமெரிக்காவில் 1903ல் கோடக் நிறுவனம் அஞ்சலட்டை அளவுக்கே நெகட்டிவ் விழுகிற மடக்குக் கேமரா ஒன்றை விற்றது. நெகட்டிவை அட்டைத் தாளின் மேல் வைத்து அப்படியே ஒளி காட்டினால் போதும், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கிற என்லார்ஜர்கூட வேண்டாம். வீட்டுத் திண்ணையில் எடுத்த படத்தை வீட்டிலேயே அட்டையாக்கி உறவுக்காரர்களுக்கு அனுப்பினார்கள். நாம் செய்வதும் அதேதான்.

"எங்கிட்ட அப்பாவோட பழைய கேமரா மட்டுந்தான் இருக்குங்க. டார்க் ரூம் இல்லை, என்லார்ஜர் இல்லை. நான் சேரலாமா?" – கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

தாராளமாகச் சேரலாம் அம்மிணி. நம் ஊரில் இல்லாதது வெயிலா? வெயிலிலேயே நீல நிறத்தில் பிரின்ட் போடுகிற சயனோடைப் என்று ஒரு முறை இருக்கிறது. 1842ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. கோயமுத்தூர் மோட்டார் பம்ப் பட்டறைகளில் வேலை பார்த்த பெரியவர்களிடம் புளூ பிரின்ட் என்று சொல்லிப்பாருங்கள். அந்தப் பெயர் வந்ததே இந்த நீலத்திலிருந்துதான்.

வேண்டியது இரண்டு மருந்து. ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், இன்னொரு 100 மில்லியில். கல்லூரி வேதியியல் லேபுக்குச் சரக்குப் போடுகிற கடைகளில் கேளுங்கள். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் வைத்திருந்து, தேவைப்படும்போது சம அளவு கலந்து, மங்கலான குண்டு பல்பு வெளிச்சத்தில் தடித்த பருத்திக் காகிதத்தில் பிரஷ்ஷால் பூசி, இருட்டில் காயவிட வேண்டும். அட்டை ஒன்றுக்குச் சுமார் ஒரு மில்லி போதும். காய்ந்ததும் அதன்மேல் நெகட்டிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி உச்சி வெயிலில் வையுங்கள். ஐந்து நிமிஷத்திலிருந்து கால் மணி நேரம் ஆகும். ஓரத்தில் நெகட்டிவ் மறைக்காத இடம் நீலம் தாண்டிச் சாம்பல் பூத்த மாதிரி ஆனால் எடுத்துவிடலாம். தண்ணீரில் மஞ்சள் போகும்வரை கழுவினால் படம் நின்றுவிடும். நீலம் முழுசாக ஏற ஒரு நாள் ஆகும், அவசரப்பட்டு வெளுத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள்.

35 எம்.எம். நெகட்டிவை அப்படியே வைத்தால் தபால்தலை அளவுக்குத்தான் படம் விழும். அதை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, நெகட்டிவாகவே ஓ.எச்.பி. ஷீட் என்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளில் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளலாம். சில குழுக்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை, பிலிமிலிருந்து நேராக வர வேண்டும் என்பார்கள். எங்கள் சுற்றில் படம் பிலிமில் எடுத்ததாக இருந்து, அட்டை கையால் செய்ததாக இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் கவனம், நான் பட்டு அறிந்தது. முதல் தடவை பன்னிரண்டு அட்டையையும் போர் தண்ணீரில் கழுவினேன். அருமையான நீலம், காயக் காய வெளிறி, மறுநாள் பார்த்தால் தேய்ந்த சலவைத் துணி மாதிரி ஆகிவிட்டது. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், இந்த நீலத்துக்குக் காரம்தான் எமன். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் கவலை இல்லை. மற்றவர்கள் முதல் கழுவலில் ஒரு பக்கெட்டுக்கு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். சோப்பு பட்ட பக்கெட்டைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. காகிதத்திலும் சுண்ணாம்புச் சத்து சேர்த்தது ஆகாது. வெயிலில் வைத்து மங்கின சயனோடைப்பை இருட்டில் வைத்தால் திரும்பத் தேறும், காரத்தில் போனது தேறாது.

"35 வருஷம் ஸ்டுடியோ நடத்தினேன். இப்போது பையன் டிஜிட்டலில் பார்க்கிறான். பரணில் பிரிக்காத பிரோமைடு பேப்பர் நாலு பெட்டி, இந்து கம்பெனியுடையது, ஒரு என்லார்ஜரும் கிடக்கிறது. பயன்படுமா, காயலான் கடைக்குப் போடவா?" – ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரர், ஈரோடு

போட்டுவிடாதீர்கள் அண்ணா! இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று மத்திய அரசு தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்தது. பிலிமுக்கு மருந்து பூசக் குளிர்ச்சியும் தூசி இல்லாத காற்றும் வேண்டும், மலை அதற்குத் தோதான இடம். கறுப்பு வெள்ளை பிலிம், பிரின்ட் போடுகிற பிரோமைடு பேப்பர், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இந்து என்ற பெயரில் வந்தன. நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற தாத்தா பாட்டி படங்களில் எத்தனையோ அந்த மலையில் செய்த தாளில் விழுந்தவை. தொழிற்சாலை இப்போது இல்லை. உங்கள் பரணில் இருப்பது இனி யாரும் செய்யப்போகாத தாள்.

பழைய தாள் புகை படிந்திருக்கலாம், அதாவது ஒளி படாமலேயே சாம்பலடிக்கலாம். சோதிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முழு இருட்டில் ஒரு தாளை எடுத்து இரண்டாகக் கிழித்து, ஒன்றை நேரே ஹைப்போவிலும் (படத்தை நிலைக்கவைக்கிற மருந்து), இன்னொன்றை ஒளி காட்டாமலேயே டெவலப்பரில் (உருவத்தை வெளியே கொண்டுவருகிற மருந்து) போட்டுப் பிறகு ஹைப்போவிலும் போடுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தால் தாள் பிழைத்திருக்கிறது. இரண்டாவது லேசாகச் சாம்பலடித்தால் டெவலப்பரில் பொட்டாசியம் பிரோமைடு கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கறுத்தே போனால் நெகட்டிவ் பிரின்டுக்கு ஆகாது, ஆனாலும் தாளை வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் மேலே இலையை வைத்து வெயிலில் காட்டினால், டெவலப்பரே இல்லாமல் தவிட்டு நிறத்தில் உருவம் விழும், குழந்தைகளுக்குக் காட்ட அதுவே ஒரு அதிசயம்.

அந்த என்லார்ஜரைத் துடைத்து வையுங்கள். ஈரோட்டைச் சுற்றி பிரின்ட் போடக் கற்றுத்தர ஆள் தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முகத்தில் வெளிச்சம் கூடின இடத்தில் கையை ஆட்டிச் சரிக்கட்டுகிற அந்த வித்தையை எழுதிவைத்துக் கற்றுக்கொள்ள முடியாது, பக்கத்தில் நின்று பார்க்கணும்.

"ஒரே நெகட்டிவ், ஒரே நேரம் வைத்தும் முதல் பிரின்டும் பத்தாவது பிரின்டும் ஒன்றுபோல் வருவதில்லை. தப்பு எங்கே?" – விசைத்தறிக்காரர், சோமனூர்

தப்பு உங்கள் தறியிலேயே இருக்கலாம். தறி ஓடும்போது மின்அழுத்தம் இறங்கினால் என்லார்ஜர் பல்பு மங்குகிறது, அதோடு வெளிச்சம் மஞ்சளாகவும் ஆகிறது. ஒளியின் நிறத்துக்கேற்ப மாறுகிற மல்டிகிரேடு தாள் என்றால் மஞ்சளுக்குக் கான்ட்ராஸ்ட் (கறுப்பு வெள்ளை வேறுபாடு) குறையும், ஆகவே படம் வெளிறுவது மட்டுமல்ல, சப்பென்றும் ஆகிவிடும். ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள், அல்லது தறி நிற்கிற நாளில் பிரின்ட் போடுங்கள்.

அப்புறம் டெவலப்பர் சூடு. அது 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று பாட்டிலில் போட்டிருக்கும். சித்திரையில் நம் குழாய்த் தண்ணீரே 30ஐத் தாண்டும். ட்ரேயை இன்னொரு பெரிய தாம்பாளத்தில் வைத்து அதில் ஐஸ் கட்டி போடுங்கள், டெவலப்பருக்குள் போடாதீர்கள். தாள்கள் ஓட ஓட டெவலப்பரும் களைத்துப்போகும், புதிதாகக் கலந்துகொள்ள வேண்டும். ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்பையும் நம்பாதீர்கள். தாளின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஐந்து நிமிஷம் அந்த வெளிச்சத்தில் விட்டு டெவலப் செய்தால், காசின் வட்டம் தெரிந்தால் பல்பு கெட்டது.

பன்னிரண்டும் ஒன்றுபோல் வர வேண்டும் என்று போராடுகிறீர்களே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். நாலாவது பிரின்டில்தான் நம் கண்ணுக்கு அந்த மேகம் கொஞ்சம் அதிகமாக எரிந்திருப்பது தெரியும், ஏழாவதில்தான் ஓரத்தை எவ்வளவு வெட்டணும் என்று முடிவுக்கு வருவோம். ஒரே பிரின்டோடு எழுந்துபோகிறவர்களுக்கு இது கிடைக்காது.

"அட்டையை அப்படியே பெட்டியில் போடலாமா, கவரில் வைக்கணுமா? எவ்வளவு தபால்தலை?" – தென்னந்தோப்பு விவசாயி, பொள்ளாச்சி

அப்படியேதான் போடணும். முத்திரை விழுந்து, கையழுக்குப் பட்டு வருவதுதான் அட்டை. அஞ்சல் துறையின் 50 பைசா கார்டு 14க்கு 9 சென்டிமீட்டர். 6க்கு 4 அங்குலத் தாள் அதைவிடப் பெரிது, ஆகவே கடிதக் கணக்கில் 5 ரூபாய்த் தலை ஒட்டிவிடுங்கள், 20 கிராம் வரை தாங்கும், நம் அட்டை சில கிராம்தான் இருக்கும். வெளிநாட்டுக்கு என்றால் கவுன்டரில் எடை போட்டு ஒட்டுங்கள்.

பிளாஸ்டிக் பூச்சு உள்ள ஆர்.சி. தாளின் முதுகில் மைப்பேனா எழுதாது, தபால்தலைப் பசையும் பிடிக்காது. என் முதல் சுற்றில் மூன்று அட்டைகள் தலை உதிர்ந்து திரும்பி வந்தன. பின்பக்கம் வெள்ளைக் காகிதம் ஒன்றை நன்றாக ஒட்டி அதன்மேல் எழுதுங்கள், அல்லது அஞ்சலட்டைக் கோடுகளோடு வருகிற இல்ஃபோர்டு தாள் கிடைத்தால் வாங்குங்கள். பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஃபைபர் தாள் பசையை ஏற்கும், ஆனால் அப்பளம் மாதிரி சுருளும். ஒரு வாரம் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைக்கணும்.

"எதைப் படம் எடுத்து அனுப்புவது? எங்க ஊர்ல காளை மாட்டை விட்டா என்ன இருக்குதுங்க?" – காங்கேயம்

காளையையே எடுங்கள். ஆனால் கொம்பைத் தூக்கி நிற்கிற படம் எல்லோரிடமும் இருக்கிறது. கட்டுத்தரையில் அது படுத்து அசைபோடுகிறதை எடுங்கள். எனக்கு வந்ததில் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிற அட்டை, தாராபுரத்துக்காரர் ஒருவர் அனுப்பிய வற்றிய கிணற்றுப் படிக்கட்டு. வேறொன்றும் அதில் இல்லை.

"மருந்துத் தண்ணீரை வாழைக்கு ஊற்றலாமா?" – கரூர்

கூடாது. ஓடிய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும், மண்ணுக்கும் கிணற்றுக்கும் ஆகாது. கேனில் சேர்த்துவைத்து எக்ஸ்ரே லேப் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், வெள்ளி எடுக்க அவர்களிடம் வாங்கிப்போக ஆள் வருவது உண்டு. சயனோடைப் மருந்தில் ஆசிட் எதுவும் கலக்காதீர்கள், எலுமிச்சம்பழம் கழுவுகிற தண்ணீருக்கு மட்டும்தான். சமையல் பாத்திரம் எதையும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம், எடுத்தால் திரும்ப அடுப்படிக்குப் போகவே கூடாது.

"பன்னிரண்டு அனுப்பினேன், எட்டுதான் வந்தது. மனசு கஷ்டமா இருக்கு." – பெயர் வேண்டாம் என்ற வாசகர், அவிநாசி

கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. தபாலில் தொலைந்ததா, அனுப்பவே இல்லையா என்று நாமாக முடிவு கட்டாமல், அந்த நாலு பேருக்கும் 50 பைசா கார்டில் "உங்கள் படம் இன்னும் வரவில்லை, எதிர்பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியதில் ஒருவர் வீட்டில் உடம்பு சரியில்லாமல் போய், எட்டு மாதம் கழித்து அனுப்பினார். அது தவிர, எப்போதும் இரண்டு பிரின்ட் கூடுதலாகப் போட்டுவையுங்கள், உங்களுடையது வராதவர் எழுதினால் அன்றைக்கே அனுப்பிவிடலாம்.

"அடுத்த சுற்று எப்போதுங்க?" – பலர்

தை பிறந்ததும். ஆடிக் காற்றில் நெகட்டிவ் காயவைத்தால் பாலக்காட்டுக் கணவாய்த் தூசி முழுக்க அதில்தான் ஒட்டும், ஐப்பசி மழையில் பிரின்ட் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் தையும் மாசியும். பொங்கல் முடிந்து ஒரு வாரத்துக்குள், பின்கோடு ஆறு இலக்கத்தோடு முகவரியை இந்தப் பக்கத்தின் பேருக்கு எழுதுங்கள். அஞ்சலட்டையில் எழுதினால் சந்தோஷம்.