ஜெய்சல்மேர் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு: நுகர்வோர் கேள்வி-பதில்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் நடக்கும் பாலைவனத் திருவிழாவைப் பற்றியும், அந்த ஊரில் ஏமாந்ததைப் பற்றியும் நிறையக் கடிதங்கள். இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: டிசம்பர் கடைசி வாரத்துக்கு ‘பாலைவனத் திருவிழா ஸ்பெஷல்’ என்று புக் செய்தோம். போய் இறங்கினால் திருவிழாவே இல்லை. ஏஜென்ட், ‘கூடாரத்தில் தினமும் ஆட்டம் பாட்டம்தானே சார்’ என்கிறார். (ஈரோடு வாசகர்)

மரு மகோத்சவம் எனப்படும் அந்த விழா வட இந்திய மாக மாதத்து வளர்பிறையில் நடந்து பௌர்ணமியோடு முடியும். நம் கணக்கில் தைப்பூசத்தையோ மாசி மகத்தையோ ஒட்டி வரும். 2025-இல் அந்தப் பௌர்ணமி பிப்ரவரி 12. டிசம்பரில் வர வழியே இல்லை. வீட்டில் தொங்கும் காலண்டரைப் புரட்டியிருந்தால் போதும். நாலு பேருக்கு டிக்கெட் போடுகிறவர் இதைக்கூடப் பார்க்காமல் பணம் கட்டலாமா? சரி, பில்லில் ‘திருவிழா’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தவறான விளம்பரம். புகார் கொடுக்கலாம்.

கே: திருவிழாவுக்கு ‘விஐபி பாஸ்’ என்று தலைக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். மாநிலச் சுற்றுலாத் துறை நடத்தும் விழா அது. ஊர்வலம், தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, ஒட்டகப் பந்தயம் எல்லாமே பொதுமக்களுக்கு இலவசம்.

கே: நானும் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். விழா நாட்களுக்கு, ஜெய்சல்மேருக்கு வெளியே இருக்கும் சாம் மணல்மேட்டில் ஒரு கூடாரத்துக்கு 18,000 ரூபாய் முழுதாகக் கட்டினோம். போனதும், ‘உங்கள் கூடாரம் வேறு ஆளுக்குப் போய்விட்டது’ என்று எங்கோ தள்ளி ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். வெந்நீர் இல்லை. போர்வை ஒன்றுதான். இரவு முழுக்க இவருக்கு நடுக்கம். அவ்வளவு தூரம் போய் யார் கேஸ் போடுவது என்று விட்டுவிட்டோம். (திருச்சி வாசகி)

விடாதீர்கள் அம்மா. நீங்கள் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். இங்கே பதில் சொல்லி ஆக வேண்டியது முகாம்காரர்தான். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நடந்ததிலிருந்து 2 ஆண்டுகள் வரை நேரமுண்டு.

முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். அங்கேயே சமரசம் ஆகிவிட்டால் நல்லது. ஆகாவிட்டால் இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்துவிடலாம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அவர்கள் காட்டிய கூடாரத்தின் படம், கடைசியில் தங்கிய கூடாரத்தின் படம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்து வையுங்கள். பணத்தோடு சேர்த்து, பட்ட அவதிக்கும் இழப்பீடு கேளுங்கள். அங்கே குளிர்கால இரவில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். வயதானவர்களை ஒரே போர்வையோடு விட்டது சின்ன விஷயம் இல்லை. ஆணையம் என்ன சொல்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: ரயில் நிலையத்திலேயே ஒருவர் 300 ரூபாய்க்கு அறை தருவதாக அழைத்துப் போனார். மறுநாள் காலை, அவர்களிடமே ஒட்டக சஃபாரி எடுக்காவிட்டால் அறையைக் காலி செய் என்றார்கள்.

ஜெய்சல்மேரில் இது பழைய வித்தை. அறையில் விட்டதை சஃபாரியில் பிடிப்பார்கள். சுற்றுலாப் பயணிகளை இப்படி மடக்குவதைத் தடுக்க ராஜஸ்தானில் 2010-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. காவல்துறையிடம் போயிருக்கலாம். அடுத்த முறை அறை வாடகை மட்டும், சஃபாரி கட்டாயம் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பையை இறக்குங்கள்.

கே: ‘ஒட்டகச் சவாரி, ஜீப் சவாரி, கிராமிய நடனம், இரவு உணவு எல்லாம் அடக்கம்’ என்றார்கள். ஒட்டகத்தில் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. இது மோசடிதானே? (சேலம் வாசகர்)

எத்தனை நிமிடம் என்று நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

‘எல்லாம் அடக்கம்’ என்ற இந்த இரண்டு சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. எல்லாம் என்றால் எது, எவ்வளவு? புடவை வாங்கினால் முழம் போட்டுப் பார்க்கிறோம், சுற்றுலாவுக்கு மட்டும் அளவே கேட்காமல் பத்தாயிரம், இருபதாயிரம் கட்டுகிறோம். சாமில் நடப்பதைச் சொல்கிறேன். சாலையோரம் ஒட்டகங்கள் வரிசையாக நிற்கும். ஏற்றி, முதல் மேடு வரை நடத்தி, அங்கே மண்டியிட வைத்து ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவார்கள். ‘ஒட்டகச் சவாரி’ முடிந்தது. ஜீப் என்றால் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கி உட்கார வைப்பார்கள், தனி ஜீப்புக்குத் தனிக் காசு. ‘மணல்மேட்டை ஒட்டிய கூடாரம்’ என்பார்கள். நடுவில் சாலை இருக்கும். ஊரிலிருந்து சாமுக்கு சுமார் 40 கிலோமீட்டர், அந்த வண்டி வாடகை பெரும்பாலும் அடக்கத்தில் வராது. ராஜஸ்தானின் களபேலியா என்ற கிராமிய நடனம் 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை. அதை அரை மணி நேரம் ஆடவிட்டு, மீதி இரவெல்லாம் டிஜே போடுகிற முகாம்கள் இருக்கின்றன.

ஆகவே கட்டும் முன் கேளுங்கள்: ஒட்டகம் எத்தனை நிமிடம், ஜீப்பில் எத்தனை பேர், கழிவறை கூடாரத்துக்குள்ளேயா, வெந்நீர் எந்த நேரம், நடனம் எவ்வளவு நேரம், சத்தம் எத்தனை மணிக்கு நிற்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். அமைதி வேண்டுமென்றால் தென்மேற்கே கூரி கிராமத்துப் பக்கம் போகலாம். கூட்டம் குறைவு.

இன்னொன்று. ஒட்டகக்காரர் டிப்ஸ் கேட்டதற்காக அவரைத் திட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கட்டிய தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்குத் தெரியுமா? சண்டை போட வேண்டியது பேக்கேஜ் விற்றவரிடம்.

கே: ஹாபூர் என்ற உள்ளூர்க் கல்லில் செய்த டம்ளரில் தண்ணீர் குடித்தால் சர்க்கரை நோய் போகும் என்று விற்கிறார்கள். அம்மாவுக்கு வாங்கலாமா?

அழகான கல். மருந்து இல்லை. சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கே: கோட்டைத் தெருவில் ஒட்டகத் தோல் பை வாங்கினேன். சென்னை வந்ததும் ஒரே வாடை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது.

என்னிடமும் அப்படி ஒரு பை இருந்தது. சரியாகப் பதனிடாத தோல் பாலைவனத்து வறண்ட காற்றில் சும்மா இருக்கும், நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் நாறும். மழைக்காலத்தில் அலமாரிக்குள் இருந்த துணிக்கெல்லாம் வாடை ஏறி, கடைசியில் பையைத் தூக்கிப் போட்டேன். வாங்கும்போது ஈரத் துணியால் உள்பக்கம் துடைத்து முகர்ந்து பாருங்கள்.

பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகிவிடாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டமே சொல்கிறது. பில் தர மறுப்பதும் அப்படியே. உடனே எழுத்தில் கேளுங்கள்.

கே: மணல்மேட்டில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 40-க்கு விற்கிறார்கள். கேட்க முடியுமா?

கடையில் வாங்கினால் கேட்கலாம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். உணவகத்தில் மேசையில் பரிமாறினால் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது.

கே: கோட்டைக்குள்ளேயே ஹோட்டல் எடுக்கலாமா? நுழைய டிக்கெட் உண்டா? (மதுரை)

தெருக்களில் நடக்க டிக்கெட் இல்லை, உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். அரண்மனை அருங்காட்சியகத்துக்கு உண்டு. கீழே ஊருக்குள் இருக்கும் பட்வா ஹவேலிகளில் (பழைய வணிகர் மாளிகைகள்) ஒன்று தனியார் அருங்காட்சியகம், இன்னொன்று அரசிடம் இருக்கிறது. டிக்கெட் தனித்தனி, எதற்கு வாங்குகிறோம் என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு மட்டும் கோட்டைக்கு வெளியே பாருங்கள். 1156-இல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து சிக்கனமாகப் புழங்கியவர்களின் ஊர். இப்போது குழாய்த் தண்ணீரும் ஹோட்டல் குளியலறைகளும் விடும் நீர் அடித்தளத்துக்குள் இறங்குகிறது. சில கொத்தளங்கள் சரிந்தும் இருக்கின்றன. கீழே மொட்டை மாடி உள்ள விடுதியாகக் கேளுங்கள். கோட்டை முழுதாகத் தெரியும், வாடகையும் பேசிக் குறைக்கலாம்.