ரிவெட் ஓரம் வெள்ளைப் பொடி: மேல பெயிண்ட் அடிச்சு மூடாதீங்க

குளச்சல்ல வீடு, லோட்டஸ் செவன் மாதிரி இரும்புக் குழாய்ச் சட்டத்துல அலுமினியத் தகடு அடிச்ச ஸ்போர்ட்ஸ் கார், தகட்டைப் பிடிக்கிற ரிவெட்டைச் சுத்தி பெயிண்ட் குமிழ் விட்டு வெள்ளைப் பொடி உதிருது, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போறதுக்கு முன்னாடி மேல பெயிண்ட் அடிச்சா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாது சகோ.

அது அலுமினியம் அரிச்சு வர்ற பொடி. இரும்புச் சட்டமும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கிற இடத்துல உப்பு ஈரம் புகுந்தா, அலுமினியம்தான் முதல்ல கரையும். 1957ல லோட்டஸ் செவன் வந்த காலத்துல இருந்தே இந்த அமைப்போட குணம் இது. நம்ம கடக்கரைக் காத்துல சீக்கிரம் நடக்கும்.

ரிவெட்டை டிரில் பண்ணி எடுத்துட்டு தகட்டைக் கழட்டுங்க. சட்டத்தைத் தேய்ச்சு எபாக்சி பிரைமர் (துரு தடுக்கிற அடிப்பூச்சு) அடிங்க. நல்லா காஞ்சதும் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல ஈரம் புகாம அடைக்கிற சீலன்ட் வெச்சு, அலுமினிய ரிவெட்டையும் அதுல தோய்ச்சே அடிங்க. ஸ்டீல் ரிவெட் வேண்டாம்.

தகடு கழண்டிருக்கும்போதே சஸ்பென்ஷன் மாட்டுற இடத்து வெல்டிங்கை ஸ்க்ரூடிரைவரால அழுத்திக் குத்திப் பாருங்க. உள்ள இறங்கினா குழாய் துருப்பிடிச்சு இத்துப் போச்சுன்னு அர்த்தம், டிராக்கை மறந்துடுங்க; குழாயை வெட்டி மாத்தினப்புறம்தான் மத்ததெல்லாம். தயவுசெஞ்சு இதுல சமரசம் பண்ணாதீங்க.

பிரேக் ஆயிலும் புதுசு ஊத்துங்க, பழசு ஈரத்தை இழுத்திருக்கும், டிராக் சூட்டுல கொதிச்சா பெடல் தரை தட்டிடும். முட்டம் கடக்கரைப் பக்கம் ஓட்டின அன்னைக்கே அடிப்பக்கம் கழுவுங்க. கிணத்துத் தண்ணி உப்புக் கரிச்சா அதை மட்டும் தொடாதீங்க.