கதையில் எதை வெட்டுவது? டீச்சர் சொன்ன பதில்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கூடிய எங்கள் சிறுகதைக் குழுவில், கைப்பிரதி திருத்தித் தரும் டீச்சரிடம் கேட்டவை.

செந்தூல் வாசகி: போட்டிக்கு 1,500 சொல்தான் வரம்பு. என் கதை 2,100. எங்கே கைவைப்பது டீச்சர்?

முதல் பத்தியிலம்மா. இரட்டைக் கோபுரம், மழை, எல்.ஆர்.டி ரயில் நெரிசல் என்று உன் ஆள் ஆபீஸ் போய்ச் சேரவே 300 சொல் போய்விட்டது. தன் மேசை காலியாகக் கிடப்பதை அவன் பார்க்கும்போதுதானே கதை ஆரம்பம்?

காஜாங் தம்பி: வரிக்குள் எப்படி வெட்டுவது? ஒன்றைச் செய்து காட்டுங்களேன்.

உன் வரியையே எடுக்கிறேன், கோவிச்சுக்காதே. 'ராஜம்மா மிகவும் சோகமாக, தன் இரு கண்களிலும் கண்ணீர் வடிய, விம்மி விம்மி அழுதுகொண்டே பால்வாளியைத் தன் கையால் கீழே வைத்தாள்.'

கண்ணீர் வேறெங்கிருந்து வடியும்? வாளியைக் காலாலா வைப்பாள்? அழுகிறவளுக்கு 'மிகவும் சோகமாக' எதற்கு? மிஞ்சுவது: 'ராஜம்மா அழுதுகொண்டே பால்வாளியைக் கீழே வைத்தாள்.' முந்தின வரியில்தான் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி அவள் மகன் செத்த சேதியைச் சொல்கிறார். ஆகவே அழுகையையும் எடு. 'ராஜம்மா பால்வாளியைக் கீழே வைத்தாள்.' காலையெல்லாம் சேர்த்த ரப்பர்ப் பால் சிந்தாமல் அவள் இறக்கிவைப்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

அதே தம்பி: எழுதும்போதே வெட்டலாமா?

வேண்டாம். முடித்து ஒரு வாரம் தள்ளி வை. பிறகு சத்தமாகப் படி. நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சில் வை.

பினாங்கு அன்பர்: மலாய்ப் பெயர்களில் கவனிக்க ஏதாவது?

'லெபு பசார் தெரு' என்று எழுதியிருக்கிறீர்கள் சார். லெபு என்றாலே தெருதானே! 'ஜாலான் ஈப்போ சாலை', 'சுங்கை கிள்ளான் ஆறு' எல்லாம் இதே ரகம். சிரிக்காதீர்கள், நானே 'பத்துமலை மலையடிவாரம்' என்றெழுதி அது அச்சிலும் வந்துவிட்டது.

கிள்ளான் வாசகி: என் கதையில் பாட்டி 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்பதை நாலு தடவை சொல்கிறாள். நன்னூல் 'கூறியது கூறல்' குற்றம் என்கிறதே?

நன்னூலின் பத்துக் குற்றங்களில் அதுவும் ஒன்றுதான், 'மிகைபடக் கூறல்' போல. ஆனால் அது நூல் எழுதுகிறவருக்குச் சொன்னது, பாட்டிக்கு இல்லை. நாலாவது தடவை அவள் குரல் தணிகிறது பாருங்கள், அதற்கு முந்தைய மூன்றும் வேண்டும். அடியில் 'என்று பாட்டி மீண்டும் மீண்டும் வலியுறுத்தினாள்' என்று நீங்கள் சேர்த்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள்.