அழாமலே கண்ணில் நீர் வடிவது ஏன்?

"கண் வறட்சி என்று மருத்துவர் சொல்கிறார், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதே, எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். முரணாகத் தெரிந்தாலும் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். கண்ணீரில் எண்ணெய்ப் படலம் குறைந்தால் ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் உறுத்தும். உடனே சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டும். காற்றடிக்கும்போதும் திரையை வெகுநேரம் பார்க்கும்போதும் வடிதல் கூடினால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஒவ்வாமை என்றால் அரிப்பு முன்னால் நிற்கும். இமை முடி உள்நோக்கி வளர்வது, தூசி விழுவது, தொற்று ஆகியவையும் காரணமாகலாம்.

அப்புறம் வடிகால் பிரச்சினை. இமையின் மூக்கோர முனையில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிறது. (அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான்.) அந்தப் பாதை அடைத்தால் நீர் கன்னத்தில் வழியும். பிறந்த குழந்தைகளுக்கு இது சகஜம், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். வயதானவர்களுக்குக் கீழிமை தொய்ந்து வெளிப்புறம் திரும்பினாலும் நீர் வழியும்.

பரிசோதனையில் இமையையும் கருவிழியையும் உருப்பெருக்கிப் பார்ப்பார்கள். வறட்சியை அளக்க, காகிதப் பட்டையைக் கீழிமையில் 5 நிமிடம் வைப்பார்கள். 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் வறட்சி கடுமை. அடைப்பா என்று அறிய, நுண்துளை வழியே உப்புநீர் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் பாதை திறந்திருக்கிறது.

வலி, பார்வை மங்கல், மூக்கோரத்தில் சிவந்த வீக்கம், இரத்தம் கலந்த கண்ணீர் இருந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.