ஆறு மீட்டர் ஆழம்தானே, டாக்டர்?

கேள்வி: மூணாறு பக்கம் எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 38. விடுமுறைக்குக் குடும்பத்தோடு லட்சத்தீவு போகிறோம். அங்கே பவளத்திட்டு ஓரமாக ஆறு மீட்டர் ஆழத்தில் ஸ்கூபா டைவிங் உண்டாம். "ஆழமே கிடையாது சார், நீச்சல்கூடத் தெரிய வேண்டாம்" என்கிறார் ஏற்பாடு செய்பவர். சளி பிடித்திருந்தால் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கும்போது எனக்கு இரண்டு காதும் அடைத்துக்கொள்ளும். மகனுக்கு 13 வயது. சின்ன வயதிலிருந்தே வீசிங். குளிர்காலத்தில் இப்போதும் இன்ஹேலர் எடுக்கிறான். நாங்கள் இருவரும் இறங்கலாமா? டைவிங் முடிந்த மறுநாள் காலை அகத்தித் தீவிலிருந்து விமானம். கொச்சியில் இறங்கியதும் காரில் நேரே மூணாறு ஏறிவிடலாமா?

பதில்: மகன் வேண்டாம். நீங்கள், அன்றைக்குச் சளி இல்லாமல் இருந்தால் இறங்கலாம். மூணாறு ஏறலாம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு.

ஏற்பாடு செய்பவர் சொல்வது முழுப் பொய் அல்ல. ஆழத்தில் நெடுநேரம் இருந்தால் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து, மேலே வரும்போது குமிழியாகி மூட்டையும் நரம்பையும் பதம்பார்க்கும். ஆறு மீட்டரில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் காதுக்கும் நுரையீரலுக்கும் இந்தச் சலுகை கிடையாது. நீர்மட்டத்தில் இருக்கும் அழுத்தம் பத்து மீட்டரில் இரண்டு மடங்காகிவிடுகிறது. அதற்கு அடுத்த பத்து மீட்டரில் அது ஒன்றரை மடங்குதான் ஆகிறது. அதாவது, காற்றின் கன அளவு வேகமாக மாறுவதே மேலோட்டமான ஆழத்தில்தான்.

போடிமெட்டிலிருந்து போடிக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம். அத்தனை வளைவும் சுற்றி இறங்கும்போது உங்கள் செவிப்பறையில் கூடும் அழுத்தம், கடலில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இறங்குவதற்குச் சமம். மலையில் அதற்கு முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. நடுவில் டீ குடிக்கலாம், கொட்டாவி விடலாம். கடலில் ஓரிரு மூச்சுக்குள் அந்த ஆழம் வந்துவிடும். அதற்குப் பிறகும் ஐந்து மீட்டர் பாக்கி.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குறுகிய குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போது அது திறந்து உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமன் செய்யும். சளி பிடித்தால் குழாயின் வாய் வீங்கி மூடிக்கொள்ளும். அப்போது வெளியழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ள, வலி, ரத்தக்கசிவு, சில சமயம் பறையே கிழியும். கிழிந்த காதுக்குள் கடல்நீர் புகுந்தால் தலை கிறுகிறுவென்று சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். தண்ணீருக்கடியில் அது விளையாட்டல்ல.

ஆகவே கிளம்பும் முன் ஒரு சோதனை. சளி இல்லாத நாளில் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். இரு காதிலும் 'டப்' என்று திறந்தால் நல்லது. சளி இல்லாத நாளிலும் மலை இறங்கும்போது காது அடைத்தால், அல்லது எப்போதாவது காதில் சீழ் வடிந்திருந்தால், ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். கடலில் வலி வருவதற்கு முன்பே, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் இப்படி மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். தலைகீழாக அல்ல, கால் முதலில் போகும்படி இறங்குங்கள். வலித்தால் கொஞ்சம் மேலேறி மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்கவில்லையா, கட்டிய பணத்தை மறந்துவிட்டு மேலே வந்துவிடுங்கள். முக்கி ஊதினால் உட்காதின் மெல்லிய சவ்வு கிழிந்து கேட்கும் திறனே போகலாம். மூக்குச் சொட்டு மருந்து போட்டுச் சமாளிக்கலாம் என்று பலர் கேட்பார்கள். மருந்தின் வேகம் நீருக்குள் தீர்ந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். காதடைப்பான் பஞ்சும் கூடவே கூடாது.

இனி மகன். போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மூணாறு போவதற்குள் உப்பிப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று 1.6 மடங்கு விரியும். நுரையீரல் தாங்காது. நாலடி ஆழத்திலிருந்து இப்படி வந்துகூட நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகலாம். மூச்சை அடக்காமல் வந்தாலும், வீசிங் உள்ளவர்களுக்குச் சுருங்கிய சிறுகுழாய்களுக்குப் பின்னால் காற்று சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் தடை போடுவதில்லை. நோய் முழுக்கக் கட்டுக்குள் இருந்து, ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுத்திறன் சோதனையும் சரியாக இருந்தால் சிலரை அனுமதிக்கிறோம். ஆனால் குளிரிலோ ஓடியாடினாலோ இழுப்பு வருபவர்களை அல்ல. சிலிண்டர் காற்றோ ஈரமில்லாத, குளிர்ந்த காற்று. உங்கள் மகனுக்கு ஒத்துக்கொள்ளாததே அதுதான்.

அவன் முகம் வாடும், தெரியும். முகமூடியும் குழலும் மாட்டி நீர்மட்டத்தில் மிதக்கட்டும். திட்டுக்கு உட்புறம் அலையில்லாத தெளிந்த நீர், மீன்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வரும். சிலிண்டர் காற்றை இழுக்காததால் நுரையீரல் விரியும் ஆபத்தும் இல்லை. லைஃப் ஜாக்கெட், பக்கத்தில் ஒரு பெரியவர், படகில் இன்ஹேலர், இந்த மூன்றும் இருக்கவேண்டும். பவளத்தில் கால் ஊன்ற வேண்டாம். அது உயிருள்ளது, கிழித்தால் புண்ணும் லேசில் ஆறாது. கீறினால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நினைவுக்கு ஒரு துண்டைப் பையில் போடவும் விடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் பவளம் புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது.

பயணத்துக்கு வருவோம். ஒரே ஒருமுறை இறங்கினால் 12 மணி நேரம், பலமுறை அல்லது அடுத்தடுத்த நாட்களில் இறங்கினால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறவேண்டும். சுமார் 1500 மீட்டர் உயரத்திலிருக்கும் மூணாறுக்கும் இதே கணக்குதான். முந்தின நாள் மதியத்துக்குள் டைவிங்கை முடித்துக்கொண்டால் இரண்டும் சரியாகிவிடும். இறங்கி ஏறிய பிறகு மூட்டுவலி, மரத்துப்போதல், நெஞ்சுவலி, தடுமாற்றம், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் விமானமும் வேண்டாம், மலையும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே மருத்துவமனைக்குப் போய், "டைவிங் செய்தேன்" என்பதை முதலில் சொல்லி ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடிக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு, கேட்காதீர்கள். திரும்பி வந்தபின் காது அடைப்போ, இரைச்சலோ, காது மந்தமோ இருந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் உடனே காட்டுங்கள். உட்காது அடிபட்டிருந்தால் ஒவ்வொரு நாள் தாமதமும் நஷ்டம்.